யார் கை வழியே? – ராணுவ ஆட்சியின் கீழ் மியான்மரும் வெளிநாட்டு உதவியும்

ஒரு நாட்டின் அரசு தன் மக்களின் உடல்நலத்துக்கும் கல்விக்கும் வேண்டியதைத் தானும் செய்யாமல், பிறர் வந்து செய்வதையும் ஐயத்தோடு தடுக்கும்போது, வெளியிலிருந்து உதவ விரும்புவோர் என்ன செய்வது என்ற கேள்வி, பன்னாட்டு உறவுகளில் நெடுங்காலமாகத் தீராமல் கிடக்கிறது. வளர்ச்சி உதவி என்பது வழக்கமாக ஒரு நாடோ பன்னாட்டு நிறுவனமோ மற்றொரு நாட்டுக்கு நன்கொடையாகவோ குறைந்த வட்டிக் கடனாகவோ தரும் பணத்தையும், அதனுடன் வரும் தொழில்நுட்பத்தையும் ஆட்களையும் குறிக்கும். பெறுகின்ற நாட்டின் அரசு தன் குடிகளுக்குப் பொறுப்பானது என்ற நம்பிக்கையின் மேல்தான் அந்த ஏற்பாடு முழுவதும் கட்டப்பட்டிருக்கிறது. அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லாத நாட்டில் உதவி எங்கே தோற்றது, எங்கே பலன் தந்தது என்பதை அறிய, இந்தியாவோடு 1,600 கிலோமீட்டருக்கும் மேலான நில எல்லையைக் கொண்ட மியான்மரின் அரை நூற்றாண்டு வரலாறு போதும்.

1962இல் ஜெனரல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றியபின், தொழிலையும் வணிகத்தையும் நாட்டுடைமையாக்கிய பர்மா (மியான்மரின் அப்போதைய பெயர்) வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த இந்தியர்கள் லட்சக்கணக்கில், அவர்களுள் ஏராளமான தமிழர்களும், கடைகளையும் நிலங்களையும் விட்டுக் கப்பலேறியது அக்காலத்தில்தான். கால் நூற்றாண்டு கழித்து, 1987இல், ஒருகாலத்தில் உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த அந்நாட்டை ஐக்கிய நாடுகள் சபை மிகவும் பின்தங்கிய நாடுகளின் பட்டியலில் சேர்த்தது. மறு ஆண்டு எழுந்த மக்கள் கிளர்ச்சியை ராணுவம் துப்பாக்கிகொண்டு அடக்கியது, ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டனர். அதுவரை மிகப்பெரிய கொடையாளியாக இருந்த ஜப்பானும் மேற்கு நாடுகளும் உதவியை நிறுத்தின அல்லது வெகுவாகக் குறைத்தன. உலக வங்கியும் ஆசிய வளர்ச்சி வங்கியும் புதிய கடன் தருவதைக் கைவிட்டன. 1990 தேர்தலில் ஆங் சான் சூச்சியின் தேசிய ஜனநாயக லீக் பெற்ற பெரும் வெற்றியை ராணுவம் ஏற்க மறுத்தது. 1993இல் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் ஆட்சிக்குழு, மியான்மரில் அரசு அமைச்சகங்களின் வழியே பணியாற்றாமல், கிராம அளவில் மக்களை நேரே சென்றடையும் பணிகளை மட்டுமே செய்வது என்று முடிவெடுத்தது.

இதன் விளைவு எண்களில் தெரிந்தது. 2000ஆம் ஆண்டுகளின் நடுவில் மியான்மர் பெற்ற வளர்ச்சி உதவி ஆளுக்கு ஆண்டொன்றுக்குச் சுமார் 3 டாலர். பக்கத்திலிருந்த லாவோசும் கம்போடியாவும் பெற்றது அதைப்போலப் பத்து மடங்குக்கும் மேல். லாவோசிலும் ஒரே கட்சியின் ஆட்சிதான். கம்போடியாவிலும் எதிர்க்கட்சிகள் நசுக்கப்பட்டன. ஆகவே, ஆட்சியின் கொடுமைக்கு ஏற்ப உதவி அளந்து மறுக்கப்பட்டது என்று சொல்வதற்கில்லை. மியான்மர் மட்டும் உலகின் கண்ணில் ஒரு தீமையின் சின்னமாகிவிட்டது. அதன் விலையை ராணுவத் தளபதிகள் கொடுக்கவில்லை, மலேரியாவும் காசநோயும் கண்ட கிராமத்தார் கொடுத்தார்கள். உலக நலவாழ்வு நிறுவனம் 2000ஆம் ஆண்டில் 191 நாடுகளின் மருத்துவ அமைப்புகளை வரிசைப்படுத்தியபோது மியான்மருக்குக் கிடைத்தது 190ஆவது இடம்.

உதவியை மறுப்போர் முன்வைத்த வாதம் எளிதில் தள்ளக்கூடியது அன்று. மருத்துவமனைக்கு வெளியார் பணம் தந்தால், தான் அதற்குச் செலவிட வேண்டிய பணத்தை அரசு ஆயுதத்துக்குத் திருப்பிவிடும். எனவே மருந்துக்குக் கொடுத்தாலும் அது கடைசியில் துப்பாக்கிக்கே போய்ச் சேரும் என்றனர். பொருளியலாளர் இதைப் பணத்தின் இடம்மாறும் தன்மை என்பர். ஆனால் இந்த வாதம் பலிக்க வேண்டுமானால், அரசு முதலில் மருத்துவத்துக்கென்று ஒரு கணிசமான தொகையை ஒதுக்கியிருக்க வேண்டும். மியான்மர் அரசு மக்களின் மருத்துவத்துக்குச் செலவிட்டது மிகச் சொற்பம். திருப்பிவிடுவதற்கு அங்கே பணமே இல்லை. வெளியார் விலகினால் அந்த இடத்தை அரசு நிரப்பும் என்ற எதிர்பார்ப்புக்கும் இதே காரணத்தால் அடிப்படை கிடையாது.

பணம் எங்கே போயிற்று என்பதற்கு விடை, நாட்டின் நாணய மாற்று விகிதத்தில் ஒளிந்திருந்தது. மியான்மரின் நாணயமான கியாட்டுக்கு இரண்டு விலைகள் இருந்தன: அரசு அறிவித்த விகிதப்படி ஒரு டாலருக்குச் சுமார் 6 கியாட், சந்தையிலோ 2000ஆம் ஆண்டுகளின் நடுவில் ஏறத்தாழ 1,000 கியாட். 1990களின் இறுதியிலிருந்து அந்தமான் கடலின் யாதனா வயலிலிருந்து தாய்லாந்துக்கு விற்ற இயற்கை எரிவாயு டாலர்களாகக் கொட்டியது; அந்த வருவாய் அரசுக் கணக்கில் 6 கியாட் விகிதத்தில் பதியப்பட்டது. உண்மையில் 10,000 கோடி கியாட் மதிப்புள்ள 10 கோடி டாலர், வரவுசெலவுத் திட்டத்தில் 60 கோடி கியாட்டாகச் சுருங்கிக் காட்சியளித்தது. எஞ்சியது யாருக்கும் கணக்குச் சொல்ல வேண்டாத டாலர்களாக ஆட்சியாளர் கையில் நின்றது. ஆஸ்திரேலியப் பொருளியலாளர் ஷான் டர்னல் போன்றோர் இந்தச் சூழ்ச்சியை விரிவாக எடுத்துக்காட்டினர். பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் பணமில்லை என்று சொல்லிய அதே அரசு, 2005இல் காட்டை அழித்து எழுப்பிய நேப்பிடோ என்ற புதிய தலைநகருக்குக் குடிபெயர்ந்தது.

இந்த இரட்டை விலை வெளிநாட்டு உதவியையும் விடவில்லை. வெளிநாட்டு நிறுவனங்கள் டாலரை நேரடியாகச் சந்தையில் மாற்ற முடியாது. அரசு வெளியிடும் செலாவணிச் சான்றுகளாக மாற்றி, அவற்றைக் கொடுத்தே கியாட் பெற வேண்டும். ஒரு டாலருக்குச் சமம் என்று அச்சிட்ட சான்று, சந்தையில் டாலரைவிடக் குறைவான கியாட்டுக்கே போயிற்று. 2008இல் நர்கிஸ் புயலுக்குப்பின் இந்த இடைவெளி ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு விரிந்தபோது, ஐ.நா.வின் மனிதநேயப் பணிகளின் தலைவர் ஜான் ஹோம்ஸ், நிவாரணப் பணத்தில் கணிசமான தொகை இவ்வாறு இழக்கப்பட்டதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். திருட்டு என்று பெயர் சூட்டத்தக்க எதுவும் அங்கே நடக்கவில்லை; சட்டப்படி நடந்த ஒரு பரிமாற்றமே அவ்வளவையும் விழுங்கியது.

பணத்துக்கு அடுத்த தடை அனுமதி. மியான்மரில் பணிபுரிய விரும்பும் தொண்டு நிறுவனம் முதலில் ஓர் அமைச்சகத்தோடு புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். எந்த ஊரில் எந்தப் பணி என்பதை அது கட்டிப்போடும். அதன்பின் வெளிநாட்டு ஊழியர் நாட்டின் பெருநகரான யாங்கோனைவிட்டு வெளியே செல்லும் ஒவ்வொரு முறைக்கும் பயண அனுமதி தேவை. பல வேளைகளில் அரசு அலுவலர் ஒருவர் கூடவே வருவார். எந்த ஊரில் நோய் மிகுதி, எந்த ஊரில் பட்டினி என்பதைத் தாமே கண்டு கணக்கிட முடியாதபோது, உதவியின் திசையை முடிவு செய்வது அதைக் கொடுப்பவர் அல்லர், அனுமதித் தாளில் கையெழுத்திடுபவரே. இதைப் பொறுக்காத சிலர் வெளியேறினர்: எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் பிரெஞ்சுப் பிரிவு 2006இல் வெளியேறியது. பொதுவாகத் தான் கண்டதை வெளியே பேசாத பன்னாட்டுச் செஞ்சிலுவைக் குழு, சிறைகளுக்குச் செல்லும் வழி அடைபட்டபின், 2007 ஜூனில் தன் வழக்கத்தை மீறி மியான்மர் ராணுவத்தின் கொடுமைகளைப் பெயர் சொல்லிக் கண்டித்தது. அதே ஆண்டு, புத்த பிக்குகளின் எழுச்சி நசுக்கப்பட்ட பிறகு, மக்களின் வறுமையைப் பற்றி அறிக்கை விட்ட ஐ.நா. ஒருங்கிணைப்பாளர் சார்லஸ் பெட்ரி நாட்டைவிட்டுப் போகுமாறு செய்யப்பட்டார். பேசினால் வேலை போகும், பேசாவிட்டால் உண்மை போகும் என்ற நிலையில்தான் அங்கே எல்லோரும் இருந்தார்கள்.

எய்ட்ஸ், காசநோய், மலேரியா ஆகிய மூன்றுக்குமான உலக நிதியம், ஐந்தாண்டுகளுக்கென ஒப்புக்கொண்டிருந்த 9.8 கோடி டாலர் திட்டத்தை 2005 ஆகஸ்டில், பயணக் கட்டுப்பாடுகளைக் காரணம் காட்டி, ரத்து செய்தது. விதிகளின் நோக்கில் அந்த முடிவு சரியானது. நோயாளியின் நோக்கில் பேரிடி. எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பு 2008இல் வெளியிட்ட கணக்கின்படி, எச்.ஐ.வி. கிருமியை அடக்கும் மருந்து உடனடியாகத் தேவைப்பட்டோர் 76,000 பேர். அவர்களுள் அதைப் பெற்றவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. நல்வாய்ப்பாக, இதைக் கண்டு வாளாவிருக்காத ஆறு கொடையாளர்கள் (ஐரோப்பிய ஆணையம், பிரிட்டன், ஆஸ்திரேலியா, நார்வே, சுவீடன், நெதர்லாந்து) 2006இல் மூன்று நோய்கள் நிதி என்ற பெயரில் ஏறத்தாழ அதே அளவு பணத்தைத் திரட்டினர். அரசின் கருவூலத்துக்குள் ஒரு டாலரும் நுழையாமல், ஐ.நா. நிறுவனமொன்றின் பொறுப்பில் பணத்தை வைத்து, தொண்டு நிறுவனங்களுக்கும் ஐ.நா. அமைப்புகளுக்கும் நேரே பகிர்ந்தளித்தது அந்த ஏற்பாடு. அரசு மருத்துவமனைகளின் சிகிச்சைத் திட்டத்தோடு ஒத்துப்போனாலும், பணத்தின் சாவியை அது விட்டுக்கொடுக்கவில்லை. கடுமையான ஆட்சிகளின் கீழ் உதவிக்கு வழியே இல்லை என்போருக்கு மறுமொழியாகக் காட்டத்தக்கது இந்தத் திட்டம்.

2008 மே 2ஆம் நாள் இரவு ஐராவதி ஆற்றின் வடிநிலத்தைத் தாக்கிய நர்கிஸ் புயல் இந்தச் சிக்கல்கள் அனைத்தையும் ஒரே சமயத்தில் உலகின் முன் வைத்தது. புயல் வரும் என்பதை இந்திய வானிலைத் துறை 48 மணி நேரம் முன்பாகவே மியான்மருக்குத் தெரிவித்திருந்தது. எச்சரிக்கை கடலோரக் கிராமங்களின் காதுக்குத் தக்கபடி எட்டவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் கடன் முதலீடு காடு திருத்தி நெல்வயலாக்க உதவிய அந்தத் தாழ்நிலத்தில், கடல்நீர் உயர்ந்து பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. இறந்தோரும் காணாமற்போனோரும் சேர்ந்து ஏறத்தாழ 1,38,000 பேர். வாழ்வு குலைந்தோர் 24 லட்சம் பேர்.

அதற்குப் பின் நடந்தவை இன்றும் நெஞ்சைப் பதற வைப்பவை. நிவாரண நிபுணர்கள் விசாவுக்காகப் பாங்காக்கில் காத்துக் கிடந்தனர். வடிநிலத்துக்குச் செல்லும் சாலைகளில் சோதனைச் சாவடிகள் முளைத்தன. பிணங்கள் வயல்களில் மிதந்துகொண்டிருந்த மே 10ஆம் நாள், ராணுவத்துக்கு நாடாளுமன்றத்தில் கால் பங்கு இடங்களை உறுதி செய்யும் புதிய அரசியலமைப்புக்கு ஆட்சியாளர்கள் வாக்கெடுப்பு நடத்தினர். புயல் தாக்கிய பகுதிகளுக்கு மட்டும் அது இரண்டு வாரம் தள்ளிவைக்கப்பட்டது. கடலில் அமெரிக்க, பிரெஞ்சு, பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் உணவும் ஹெலிகாப்டர்களுமாக நின்றன. கரையேற அனுமதி கிடைக்காமலே அவை திரும்பின. பிரெஞ்சு வெளியுறவு அமைச்சர் பெர்னார்ட் குஷ்னர், ‘காக்கும் பொறுப்பு’ என்னும் கோட்பாட்டின்படி அனுமதியின்றியே உதவியைக் கொண்டு செல்லலாம் என்றார். 2005 உலக மாநாட்டில் நாடுகள் ஏற்றுக்கொண்ட அந்தக் கோட்பாடு, இனப்படுகொலை, போர்க்குற்றம், இன ஒழிப்பு, மனிதகுலத்துக்கு எதிரான குற்றம் ஆகிய நான்கிலிருந்து மக்களைக் காப்பதற்கானது. இயற்கைப் பேரிடர் அதில் அடங்காது. குஷ்னரின் சினம் நியாயமானது என்றாலும், அந்நியப் படையெடுப்பைக் காலமெல்லாம் அஞ்சிய தளபதிகளின் அச்சத்தை அந்தப் பேச்சு மேலும் வளர்த்ததே தவிர, ஒரு மூட்டை அரிசியைக்கூட முன்னதாகக் கொண்டு சேர்க்கவில்லை.

கதவைத் திறந்தவர்கள் அண்டை நாட்டார். மே 19 அன்று சிங்கப்பூரில் கூடிய, தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் வெளியுறவு அமைச்சர்கள், உதவியைத் தங்கள் அமைப்பின் பெயரால் ஏற்றுக்கொள்ள மியான்மரை இணங்க வைத்தனர். நான்கு நாள் கழித்து ஐ.நா. பொதுச்செயலாளர் பான் கீ மூன், ராணுவ ஆட்சியின் தலைவரான தளபதி தான் ஷ்வேயை நேரில் சந்தித்து, எந்த நாட்டவரானாலும் நிவாரணப் பணியாளரை உள்ளே விடச் சம்மதம் பெற்றார். ஆசியான், ஐ.நா., மியான்மர் அரசு ஆகிய மூன்றின் பிரதிநிதிகள் அடங்கிய ஒரு குழு அமைக்கப்பட்டு, விசாவும் பயண அனுமதியும் அதன் மேசையில் தீர்க்கப்பட்டன. ஆசியானின் பொதுச்செயலாளராக இருந்த தாய்லாந்துக்காரர் சுரின் பிட்சுவானின் விடாமுயற்சி இதில் பெரிது. ஊர் ஊராகச் சென்று கணக்கெடுத்த கூட்டு மதிப்பீடு, சேதத்தை ஏறத்தாழ 400 கோடி டாலர் என்று வெளியிட்டது. மியான்மரில் அரசின் கணக்குக்கு வெளியே உண்மை நிலவரம் அவ்வளவு விரிவாகப் பதிவானது அதுவே முதன்முறை எனலாம்.

இருந்தும், அந்த மூன்று வாரங்களில் மக்களைக் காத்தவர்கள் இவர்களில் எவரும் அல்லர். யாங்கோனின் கடைக்காரர்களும் மாணவர்களும் புத்த மடங்களும் தேவாலயங்களும் அரிசியையும் தார்ப்பாயையும் லாரிகளில் ஏற்றிக்கொண்டு, சோதனைச் சாவடிகளைக் கெஞ்சியும் கடந்தும் வடிநிலத்துக்குப் போனார்கள். நூற்றுக்கணக்கான தொண்டர்களைத் திரட்டி அப்படிச் சென்ற நகைச்சுவைக் கலைஞர் ஜர்கனார், தான் கண்டதை வெளிநாட்டு ஊடகங்களிடம் சொன்னதற்காக ஜூனில் கைதானார். அவருக்கு மொத்தம் 59 ஆண்டுச் சிறை விதிக்கப்பட்டு, பின்னர் 35 ஆண்டாகக் குறைக்கப்பட்டு, 2011 அக்டோபரில் அவர் விடுதலையானார்.

2011இல் அதிபர் தெய்ன் செய்ன் தலைமையில் சீர்திருத்தம் தொடங்கியபோது கொடையாளர்கள் திரண்டு வந்தனர். நாணயத்தின் இரட்டை விலை 2012 ஏப்ரலில் நீக்கப்பட்டது. 2013இல் கடன்கொடுத்த நாடுகள் சுமார் 600 கோடி டாலர் கடனைத் தள்ளுபடி செய்தன. இது வரவேற்கத்தக்கதே. ஆனால் அதே காலத்தில் செய்யப்பட்ட ஒரு பிழையைப் பற்றிப் போதிய அளவு பேசப்படவில்லை. தாய்லாந்து எல்லையில் மே சோட் நகரில் 1989 முதல் மருத்துவர் சிந்தியா மாங் நடத்திவந்த மே தாவ் மருத்துவமனையும், முதுகில் மருந்துப் பையோடு போர்ப் பகுதிகளுக்குள் நடந்து செல்லும் கரேன் முதலிய இனத்து மருத்துவப் பணியாளர் குழுக்களும், அரசு ஒருபோதும் எட்டிப்பார்க்காத மலைக்கிராமங்களில் பல ஆண்டுகளாகப் பிரசவமும் மலேரியாச் சிகிச்சையும் பார்த்தவர்கள். இனி எல்லாம் நாட்டுக்குள்ளே, அரசின் வழியே நடக்கும் என்று கருதிய கொடையாளர் பலர், எல்லைப்புறத்தில் இருந்த இந்த அமைப்புகளுக்கான பணத்தைக் குறைத்தனர். பத்தாண்டுகூட நிற்காத ஒரு திறப்பை நம்பி, இருபதாண்டுக்கும் மேல் நின்ற ஒரு வலையை அறுத்தது தொலைநோக்கு ஆகாது.

ரக்கைன் மாநிலத்தில் நிகழ்ந்தது இன்னும் கசப்பானது. 2012 வன்முறைக்குப்பின் முகாம்களில் அடைக்கப்பட்ட லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்யா முஸ்லிம் மக்களுக்கு உணவும் மருந்தும் கொடுத்தவை வெளிநாட்டு அமைப்புகள். கொடுக்காவிட்டால் அவர்கள் சாவார்கள், கொடுத்தால் அரசு எழுப்பிய வேலிக்கு அந்த அமைப்புகளே செலவு செய்வதாகும். 2014இல் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பின் டச்சுப் பிரிவு அங்கிருந்து வெளியேற்றப்பட்டது மற்றவர்களின் வாயையும் அடைத்தது. 2017 ஆகஸ்டில் ராணுவம் தொடங்கிய ஒடுக்குமுறையால் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வங்கதேசத்துக்கு ஓடியபின், ஐ.நா.வே அமர்த்திய குவாத்தமாலாவின் கெர்ட் ரோசென்தால், வளர்ச்சிப் பணியைக் காப்பாற்ற மௌனமாக இருப்பதா, உரிமைக்காகக் குரல் கொடுப்பதா என்ற பிளவில் ஐ.நா. அமைப்பு முழுவதும் தோற்றுப்போனதாகத் தன் 2019 அறிக்கையில் பதிவு செய்தார்.

2021 பிப்ரவரி 1 ராணுவப் புரட்சிக்குப்பின் பழைய கட்டுகள் யாவும் திரும்பின. 2022 ஏப்ரலில் டாலருக்கு 1,850 கியாட் என்ற அரசு விகிதம் வந்தது. சந்தை விலை அதைவிட வெகுவாக ஏறிப்போனதால், உள்ளே வரும் உதவிப் பணத்தில் மீண்டும் ஒரு பங்கு கரைந்தது. அதே ஆண்டு அக்டோபரில் வந்த பதிவுச் சட்டம், பதிவு செய்யாமல் தொண்டாற்றுவோரைச் சிறைக்கு அனுப்ப வழி செய்தது. 2023 மே மாதம் மோக்கா புயல் ரக்கைனைத் தாக்கியபோது, சில வாரங்களிலேயே நிவாரணப் பணியாளரின் பயண அனுமதிகள் நிறுத்தப்பட்டன. 2025 மார்ச் 28இல் மண்டலை, சகாயிங் நகரங்களைத் தரைமட்டமாக்கி 3,700க்கும் மேற்பட்டோரைக் கொன்ற 7.7 அளவு நிலநடுக்கத்துக்குப் பிறகும் வான்தாக்குதல்கள் ஓயவில்லை; சீனச் செஞ்சிலுவைச் சங்கத்தின் வாகன அணியை நோக்கியே ராணுவம் சுட்டது. எல்லைக்கு அப்பாலிருந்து உதவி அனுப்புவதும் தன்னளவில் தீர்வாகிவிடாது: 2024 மார்ச்சில் தாய்லாந்து அரசு மே சோட் வழியே அனுப்பிய நிவாரணப் பைகள், ராணுவ ஆட்சியின் பிடியிலிருந்த மியான்மர் செஞ்சிலுவைச் சங்கத்திடமே ஒப்படைக்கப்பட்டன. வழி எல்லையாக இருந்தாலும் கை பழைய கையாகவே இருந்தது.

இப்போது பணமும் வற்றிவிட்டது. அமெரிக்கா 2025 ஜனவரியில் தன் வெளிநாட்டு உதவியை முடக்கியதும் தாய்லாந்து எல்லை முகாம்களில் மருத்துவமனைகள் மூடப்பட்டன. உலக உணவுத் திட்டம், நிதியில்லாமல் ஏப்ரல் முதல் மியான்மரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு உணவை நிறுத்துவதாக அறிவித்தது. இருக்கிற கொஞ்சம் பணமாவது, பல்லாயிரம் பக்க அறிக்கையும் பெரிய அலுவலகமும் கேட்காமல், 2008இல் லாரியேறிப் போனவர்களைப் போன்ற உள்ளூர்க் குழுக்களிடம் நேரே போய்ச் சேர வேண்டும். பற்றுச்சீட்டு இல்லாமல் போகலாம், சில கணக்குகள் ஒட்டாமல் போகலாம். நாணய மாற்றில் சட்டப்படி தொலைந்த பணத்தோடு ஒப்பிட்டால் அந்த அபாயம் சிறிது.

இதில் இந்தியாவுக்கும் பங்குண்டு. நிலநடுக்கத்துக்கு ‘ஆபரேஷன் பிரம்மா’ என்ற பெயரில் கப்பல்களையும் விமானங்களையும் அனுப்பி, மண்டலையில் ராணுவக் கள மருத்துவமனை நடத்தியது இந்தியா. அந்த விரைவு பாராட்டுக்குரியது. ஆனால் ராணுவ அரசின் ஆட்சி பெரும்பகுதியில் செல்லாத சின் மாநிலத்துக்கு மிக அருகிலுள்ள சாலை மிசோரம் வழியே போகிறது. 2021 முதல் அங்கே தஞ்சம் புகுந்த 30,000க்கும் மேற்பட்ட சின் மக்களை, டெல்லி திருப்பி அனுப்பச் சொல்லியும் கேளாமல், மிசோரம் மாநில அரசும் தேவாலயங்களும் ஊர்ச் சங்கங்களும் தாங்கி வருகின்றன. மாறாக, எல்லை மக்கள் தடையின்றிப் போய்வந்த பழைய ஏற்பாட்டை ரத்து செய்வதாக 2024 பிப்ரவரியில் மத்திய அரசு அறிவித்தது. அந்த முடிவைக் கைவிட்டு, மருந்தும் உணவும் மிசோரம் மக்களின் கைவழியே சின் மலைகளுக்குப் போக டெல்லி அனுமதிக்க வேண்டும்.